2021: ஐந்து அல்பங்களும் வள்ளியம்மாளின் பெயரும்

டிசம்பர் வந்தால் ஆளாளுக்கு ஒரு பட்டியல். ஸ்பொட்டிஃபை இந்த வருசம் பெப்ரவரியில்தான் இலங்கைக்கு வந்தது. அதனால் எங்களில் கனபேருக்கு இதுதான் முதலாவது வருடக் கடைசிக் கணக்கு. எத்தனை நிமிசம் கேட்டாய், எந்தப் பாட்டை ஆகக்கூடக் கேட்டாய் எண்டு கலர் கலராகக் காட்டியது. எல்லாரும் ஸ்டோரியில் போட்டார்கள். ஆனால் அந்தக் கலர் அட்டைகளில் பாட்டை எழுதினவரின் பெயருக்கு இடமில்லை. பறை அடித்தவருக்கும், கோரஸ் பாடினவருக்கும் இல்லை.

அதனால் எங்கட பட்டியலை வேறு மாதிரிப் போட நினைத்தோம். இரண்டே இரண்டு விதி. ஒன்று, முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை, ஒன்றையும் தள்ளிவிடாமல் கேட்கக்கூடிய அல்பமாக இருக்க வேண்டும். இரண்டாவது, இது ஆருடைய குரல், ஆருடைய சொல் எண்ட கேள்விக்கு அந்த அல்பத்திடம் ஒரு நேர்மையான பதில் இருக்க வேண்டும்.

இரண்டாவது விதியைப் பார்த்து "இது பாட்டுப் பட்டியலா, விசாரணைக் கமிஷனா?" எண்டு எங்களுக்குள்ளேயே ஒருவர் கேட்டார். ஆனால் இது ஒன்றும் புதுப் பழக்கம் இல்லை. இந்தத் தீவின் பழைய பழக்கம். இலங்கை வானொலியின் தமிழ் வர்த்தக சேவையை ஒரு காலத்தில் தமிழ்நாடே காது குடுத்துக் கேட்டது. அப்பா அம்மாவின் தலைமுறையைக் கேட்டுப் பாருங்கோ. கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத், ராஜேஸ்வரி சண்முகம் எண்டு அறிவிப்பாளர்களின் பெயரை வரிசையாகச் சொல்வார்கள். பாட்டு வருவதற்கு முன் படத்தின் பெயர், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் எல்லாரின் பெயரும் வரும். பெயர் சொல்லிப் பாட்டுப் போடும் அந்த மரியாதையைக் கேட்டு வளர்ந்த வீடுகள் எங்கட வீடுகள். இன்றைக்கு பஸ்ஸிலும் ஓட்டோவிலும் எஃப்எம்மிலும் பாட்டு வந்து போகிறது, பெயர் வருவதில்லை.

இனிப் பட்டியல்.

ஐந்தாவது: மாறா

ஜனவரியில் வந்தது. வருசக் கடைசியில் பட்டியல் போடுகிற எல்லாரும் மறந்துபோவதும் இதைத்தான். இசை ஜிப்ரான், வரிகள் தாமரை. 'சார்லி' எண்ட மலையாளப் படத்தின் தமிழ் வடிவம். படம் பற்றி எங்களுக்குள் ஒரே கருத்து இல்லை. அல்பம் பற்றி இருக்கு. ஒரு கவிஞர் முழு அல்பத்திலும் கூட வந்தால் என்ன நடக்கும் எண்டதற்கு இது நல்ல உதாரணம். ஆறு பாட்டுக்கு ஆறு பேர் எழுதினால் ஒவ்வொரு பாட்டும் தனித்தனி அறை மாதிரி இருக்கும். இதில் ஒரே வீட்டுக்குள் நடந்து திரிகிற உணர்வு வருகிறது. 'யார் அழைப்பது' பாட்டை சித் ஸ்ரீராமுக்காகக் கேட்கத் தொடங்கி, தாமரைக்காகத் திரும்பக் கேட்டவர்கள் நாங்கள். அவர் பயன்படுத்தும் சொற்கள் சுத்தமான தமிழ், ஆனால் பாடப் புத்தக வாசம் வராது. தமிழில் எழுதப் பழகுகிற எங்கட தங்கச்சி தம்பிமாருக்கு இந்த அல்பத்தைத் தாராளமாகக் குடுக்கலாம்.

நாலாவது: ஜெய் பீம்

நவம்பரில் வந்த படம். 1993இல் நடந்த ஒரு வழக்கு, வழக்கறிஞராக இருந்த கே. சந்துரு அதை நடத்திய விதம், இருளர் சமூகத்துக்கு நடந்த கொடுமை எண்டு எல்லாரும் படத்தைப் பற்றியே கதைத்தார்கள். ஷான் ரோல்டனின் இசை பற்றிக் கதைத்தவர்கள் குறைவு. 'தல கோதும்' ராஜு முருகன் எழுதி பிரதீப் குமார் பாடியது. துக்கப் பாட்டு எண்டாலே வயலினைக் கொட்டி அழ வைக்கிற பழக்கம் எங்கட சினிமாவுக்கு உண்டு. இது அப்படிச் செய்யவில்லை. பக்கத்தில் வந்து இருந்து முதுகைத் தடவுகிற மாதிரி இருக்கிறது. காணாமல் போனவரைத் தேடி பொலிஸுக்கும் கோட்டுக்கும் அலைகிற ஒரு பெண்ணின் கதையை, இந்தத் தீவின் வடக்கிலும் கிழக்கிலும் இருந்து பார்க்கிற எங்களுக்கு அது வெறும் படப் பாட்டாக இருக்க முடியாது. வீதியோரக் கொட்டகைகளில் வருசக்கணக்காகப் படங்களைப் பிடித்துக்கொண்டு இருக்கிற அம்மாமாரை நாங்கள் தினமும் கடந்து போகிறோம். இதே அல்பத்தில் 'பவர்' எண்ட பாட்டில் அறிவு வருகிறார். அந்தப் பெயரை ஞாபகம் வைத்திருங்கோ, கொஞ்சத்தில் திரும்ப வரும்.

மூன்றாவது: சார்பட்டா பரம்பரை

பாட்டு எண்ணிக்கையில் சிறிய அல்பம். முழுதாகக் கேட்க வேண்டும் எண்ட எங்கட விதிக்கு இது சரிவருமா எண்டு சண்டை வந்தது. கடைசியில் இரண்டு பாட்டு வென்று தந்தது. 'வம்புல தும்புல'வில் கானா முத்துவோடு இசைவாணி பாடுகிறார். கானா எண்டால் ஆம்பிளைப் பிள்ளைகளின் பாட்டு எண்டு இருந்த இடத்தில் நின்று பாடி வந்த பெண் அவர், 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவைச் சேர்ந்தவர். பிபிசி 2020ஆம் ஆண்டின் நூறு பெண்களில் ஒருவராக அவரைத் தெரிவு செய்தது. மற்றது 'நீயே ஒளி'. சந்தோஷ் நாராயணனோடு ஷான் வின்சென்ட் டி போல், நவ்ஸ்-47 எண்ட இரண்டு கனடாத் தமிழர்கள். 1970களின் வடசென்னைக் குத்துச்சண்டைக் கதைக்குள் ரொறன்ரோவின் ராப் எப்படிப் பொருந்தும் எண்டு கேட்கலாம். பொருந்துகிறது. விழுந்தவன் எழும்புகிற கதைக்கு ஊர் கிடையாது. அதோடு, ஈழத்திலிருந்து போன குடும்பங்களின் பிள்ளைகள் தமிழ்ச் சினிமாவின் நடுமேடையில் தங்கட குரலிலேயே நின்றார்கள். இதன் தமிழ் வரிகளையும் அறிவுதான் எழுதினார்.

இரண்டாவது: மேட் இன் ஜஃப்னா

சினிமா அல்லாத அல்பம். அதே ஷான் வின்சென்ட் டி போலுடையது. யாழ்ப்பாணத்தில் பிறந்து, சின்ன வயதில் யுத்தத்துக்குள்ளால் வெளியேறி, கனடாவில் வளர்ந்தவர். யாஞ்சனின் மிருதங்கத்துக்கு ராப் பாடிய காணொளிகள் மூலம் எங்களில் பலருக்கு முதலே தெரிந்தவர்.

இந்தத் தலைப்பில்தான் பெரிய வாக்குவாதம். "யாழ்ப்பாணத்தில் செய்தது எண்டு பெயர் வைத்துவிட்டு ரொறன்ரோவில் செய்திருக்கிறார், பெரும்பகுதி இங்கிலிஷில் வேற இருக்கு. இங்க கரண்ட் போனால் ஜெனரேற்றருக்கு எண்ணெய் தேடுகிற எங்களை விட்டுவிட்டு இது எப்படி ஜஃப்னா?" எண்டது ஒரு பக்கம். "செய்யப்பட்டது அல்பம் இல்லை, ஆள். அந்த ஆளைச் செய்த இடம் இதுதான்" எண்டது மறுபக்கம். நாங்கள் இரண்டாவது பக்கத்துக்குச் சாய்ந்தோம். காரணம் எளிது. அவர் எங்களுக்காகக் கதைக்கிறேன் எண்டு சொல்லவில்லை. தன்னுடைய கதையைச் சொல்கிறார். அகதியாகப் போன பிள்ளைக்கு ஊர் எண்டது அரைவாசி ஞாபகம், அரைவாசி வீட்டார் சொன்ன கதை. அந்த இரண்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியை மறைக்காமல் பாடியிருக்கிறார். இங்கே இருக்கிறவர்களின் அல்பத்தை அவர் செய்ய வேண்டும் எண்டு எதிர்பார்ப்பது நியாயமில்லை. அதை நாங்கள்தான் செய்ய வேண்டும்.

முதலாவது: கர்ணன்

சந்தேகமே இல்லை. பெப்ரவரியில் 'கண்டா வரச் சொல்லுங்க' வந்த அன்றே பாதி முடிவாகிவிட்டது. மாரி செல்வராஜ் எழுதிய பாட்டை சந்தோஷ் நாராயணனோடு பாடியவர் கிடாக்குழி மாரியம்மாள், மேடைகளில் நாட்டுப்புறப் பாட்டுப் பாடி வாழ்கிற ஒரு கலைஞர். பெரிய நடிகரின் படத்துக்கு முதல் பாட்டு வருகிறதெண்டால் வழக்கமாக என்ன வரும் எண்டு உங்களுக்குத் தெரியும். நாயகனுக்கு அறிமுகம், விசில், டான்ஸ். இங்கே ஒரு வயதான பெண்ணின் குரல் முன்னுக்கு வருகிறது. காணொளியிலும் அவர் முகம் வருகிறது. அந்தக் குரலில் பயிற்சி எடுத்த வழவழப்பு இல்லை. ஊர்க் கோயில் திருவிழாவில் மைக் இல்லாமல் கடைசி வரிசை வரைக்கும் பாடிப் பழகின தொண்டை அது.

'உட்ராதீங்க யெப்போவ்' பாட்டில் தீயின் குரல் தொடங்குகிற இடத்தில் ஒரு ஊரே எழும்பி நிற்கிறது. தேவா பாடிய 'பண்டாரத்தி புராணம்' பாட்டுக்கு எதிர்ப்பு வந்து, வழக்கு வரை போய், கடைசியில் 'மஞ்சனத்தி புராணம்' எண்டு பெயர் மாறியது. ஒரு பாட்டுக்குள் ஒரு பெயர் இருப்பதும் இல்லாமல் போவதும் சின்ன விசயம் இல்லை எண்டதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

இந்த அல்பத்தை ஒரே இருப்பில் கேளுங்கோ. அழைப்பு, கொண்டாட்டம், காதல், இழப்பு, எதிர்ப்பு எண்டு ஒரு ஊரின் முழு வாழ்க்கையும் வந்து போகும். ஒரு பாட்டை மட்டும் பிடுங்கி ரீல்ஸ் செய்தால் இது கிடைக்காது. அல்பம் எண்ட வடிவம் இன்னும் தேவையா எண்டு கேட்பவர்களுக்கு எங்கட பதில் கர்ணன்.

பட்டியலில் இடம் கிடைக்காத ஒன்று

'ஜகமே தந்திரம்' எங்கே எண்டு கேட்பீர்கள். லண்டனில் இருக்கிற ஈழ அகதிகளைப் பற்றிய படம். எங்களைப் பற்றி எண்டு சொல்லி வந்த படம். 'ரகிட ரகிட'வுக்கு நாங்களும் ஆடினோம், அதில் குறை இல்லை. ஆனால் அல்பத்தை முழுதாகக் கேட்டபோது, இந்தக் கதை ஈழ அகதிகளைப் பற்றியதாக இல்லாமல் வேறு ஆரையும் பற்றியதாக இருந்தாலும் இந்த இசையில் பெரிய மாற்றம் இருந்திருக்காது எண்டுதான் பட்டது. முக்கியமான ஈழத்துப் பாத்திரங்களில் நடித்த ஜோஜு ஜோர்ஜும் ஐஸ்வர்யா லக்ஷ்மியும் நல்ல நடிகர்கள். அவர்கள் மேல் கோபமில்லை. எங்கட வலி கதைக்குத் தேவைப்பட்டது, எங்கட பேச்சும் எங்கட பாட்டும் அவ்வளவுக்குத் தேவைப்படவில்லை. எங்கட இரண்டாவது விதியில் அது தோற்றது.

அல்பம் இல்லாத ஒன்று

இந்த வருசத்தின் ஆகப்பெரிய பாட்டு எந்த அல்பத்திலும் இல்லை. 'எஞ்சாய் எஞ்சாமி', மார்ச் மாதம், மாஜ்ஜா வெளியீடு. தீயும் அறிவும் பாடினார்கள். எழுதியது அறிவு, இசைத் தயாரிப்பு சந்தோஷ் நாராயணன். உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான தடவை ஓடியது. கலியாண வீட்டில் ஓடியது, ரிக்ரொக்கில் ஓடியது, சிங்களப் பெடியளின் காரிலும் ஓடியது.

ஆனால் அந்தப் பாட்டின் வேர் எங்கே இருக்கு? அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கையின் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர், பிறகு இந்தியாவுக்குப் போனவர். பாட்டுக்குள்ளேயே அவர் பெயர் வருகிறது. அறிவு பேட்டிகளில் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். 1948இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு, 300,000 பேரை இலங்கைக்கு எண்டு பிரித்தது. மிச்சமிருந்த 150,000 பேரின் கணக்கைப் பிறகு பார்ப்போம் எண்டு ஒத்திவைத்தது. ஆட்களைக் கேட்காமல் ஆட்களைப் பங்கு போட்ட ஒப்பந்தம் அது. தோட்டத்தை உண்டாக்கி, அதில் ஒரு துண்டும் சொந்தமில்லாமல் போன சனத்தின் ஒப்பாரியும் கொண்டாட்டமும்தான் அந்தப் பாட்டு. அதை வடசென்னைப் பாட்டு எண்டோ அவுஸ்திரேலியப் பாட்டு எண்டோ நினைத்துக்கொண்டு ஆடுகிற எங்கட ஆட்கள் எத்தனை பேர்? அது நுவரெலியாவின், பதுளையின், ஹட்டனின் பாட்டும்தான்.

அந்தப் பாட்டு வந்த அதே மார்ச் மாதத்தில், பல வருடப் போராட்டத்துக்குப் பிறகு, தோட்டத் தொழிலாளரின் நாள் சம்பளம் 1,000 ரூபாய் எண்டு வர்த்தமானி வந்தது. 900 அடிப்படை, 100 படி. கம்பனிகள் நீதிமன்றம் போயின. இத்தனை கிலோ கொழுந்து பறித்தால்தான் முழுச் சம்பளம் எண்ட பிரச்சினை தோட்டத்துக்குத் தோட்டம் கிளம்பியது. பாட்டி பற்றிய பாட்டுக்கு ஆடிய கால்கள், பாட்டியின் பேத்திகளுடைய சம்பளம் பற்றிய செய்தியைக் கண்டால் விரலால் தள்ளிவிட்டுப் போகின்றன. இரண்டும் ஒரே திரையில்தான் வருகின்றன.

ஓகஸ்ட்டில் இன்னொன்று நடந்தது. ரோலிங் ஸ்டோன் இந்தியா சஞ்சிகை இந்த வெற்றிகளைப் பற்றி எழுதி, அட்டையில் தீயையும் ஷானையும் போட்டது. 'எஞ்சாய் எஞ்சாமி'யையும் 'நீயே ஒளி'யையும் எழுதிய அறிவு அட்டையில் இல்லை. பா. ரஞ்சித் வெளிப்படையாகக் கேட்டார், பெரிய சத்தம் வந்தது, பிறகு அறிவுக்குத் தனியாக ஒரு டிஜிட்டல் அட்டை வந்தது. அட்டையில் இருந்த இரண்டு பேரும் ஈழத்து வேரைக் கொண்டவர்கள், அவர்களின் வெற்றி எங்களுக்கும் சந்தோசம்தான். அதனால்தான் இதை நாங்கள் பேச வேண்டியிருக்கு. எங்கட ஆள் அட்டையில் வந்துவிட்டார் எண்டு கைதட்டிவிட்டு, தோட்டத்துப் பாட்டியின் பேரன், ஒரு தலித் கலைஞர், ஏன் இல்லை எண்டு கேட்காமல் விட்டால், எங்களை ஒதுக்குகிற நேரத்தில் கேட்க ஆரிடம் போவோம்?

இந்தத் தீவின் அல்பம் எங்கே?

எங்கட ஐந்தில் இந்தத் தீவில் செய்யப்பட்ட அல்பம் ஒன்றும் இல்லை. இதைச் சொல்லாமல் முடிக்கக் கூடாது. நித்தி கனகரத்தினமும் ஏ.ஈ. மனோகரனும் பொப் இசை பாடி இந்தியா வரைக்கும் காது திருப்பிய நாடு இது. இன்றைக்கும் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் மலையகத்திலும் பெடியள் பெட்டையள் வீட்டு அறையில், கட்டிலுக்கு மேல் போர்வை தொங்கவிட்டு, பாட்டு ஒலிப்பதிவு செய்கிறார்கள். யூரியூப்பில் ஒவ்வொன்றாகப் போடுகிறார்கள். காதலர் தினத்துக்கு ஒன்று, பொங்கலுக்கு ஒன்று. ஒன்றாகக் கோர்த்த ஐந்து பாட்டு எண்டு வருவது அருமை. ஒரு பாட்டுக்கே காசு சேர்க்கப் படுகிற பாட்டில் ஐந்து எண்டால் பகிடி எண்டு சொல்வார்கள். விளங்குகிறது. ஆனால் தனிப் பாட்டு ஒரு கிழமையில் மறந்துபோகும். அல்பம் ஒரு காலத்தைப் பிடித்து வைக்கும். இரண்டாயிரத்து இருபத்தொன்றில் பூட்டிய வீட்டுக்குள் நாங்கள் எப்படி இருந்தோம் எண்டு பத்து வருசத்துக்குப் பிறகு ஆராவது கேட்டால், தமிழ்நாட்டிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் வந்த பாட்டுகளை மட்டும்தானா காட்டுவோம்?

அதனால் பட்டியலோடு மூன்று வேலையும் வைக்கிறோம். பாட்டைப் பகிரும்போது பாடியவர், எழுதியவர், இசை எண்டு பெயர்களையும் சேர்த்து எழுதுங்கோ, ஒரு நிமிசமும் எடுக்காது. எஃப்எம்மில் வேலை செய்கிற அண்ணா அக்காமாரே, பாட்டுக்கு முன் அந்தப் பெயர்களைச் சொல்லுங்கோ. உங்களுக்கு முன் அந்தக் கதிரையில் இருந்தவர்கள் செய்த வேலைதான். பாட்டுச் செய்கிறவர்களே, அடுத்த வருசம் ஒரு பாட்டுக்குப் பதிலாக நாலு பாட்டை ஒரு நூலில் கோர்த்துப் பாருங்கோ. சவுண்ட் சரியில்லை எண்டாலும் பரவாயில்லை, முழுதாகக் கேட்க நாங்கள் இருக்கிறோம். 2022 டிசம்பரில் நாங்கள் திரும்பப் பட்டியல் போடுவோம். அதில் ஒரு இடத்தை இப்பவே காலியாக விட்டிருக்கிறோம்.